பெட்டியைத் திறக்காமல் தேனீயை அறிதல்: புதிதாகத் தேனீ வளர்ப்பவருக்கு ஒரு சென்சர் வழிகாட்டி

மட்டக்களப்புப் படுவான்கரையில் எங்கள் வளவுக்குள் நான் முதன்முதல் வைத்த தேனீப் பெட்டி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. இராணி இருக்கிறதா, முட்டை இடுகிறதா, தேன் ஏறுகிறதா என்று நாளுக்கு இரண்டு தடவை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு நாள் காலை பெட்டி வெறுமையாகக் கிடந்தது. வதை (தேனடை) இருந்தது, அதில் ஒரு சொட்டுத் தேன் இல்லை, ஒரு பூச்சி இல்லை. பக்கத்து வளவுப் பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒவ்வொரு நாளும் ஆரும் வந்து உன்ட வீட்டுக் கூரையக் கழட்டிப் பார்த்தா நீ இருப்பியா மனே?"

சென்சர் பக்கம் நான் போனது அந்தக் கேள்விக்காகத்தான். நூறு பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு தேவைகள் இருக்கும். ஒன்றோ இரண்டோ பெட்டியோடு தொடங்கும் நமக்கு சென்சர் செய்கிற பெரிய உதவி, மூடியைத் திறக்கும் தடவைகளைக் குறைப்பது. இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா யோசனையும் அந்த ஒரு நோக்கத்தைச் சுற்றித்தான்.

நம் தேனீ வேறு தேனீ

இணையத்தில் தேனீப் பெட்டி சென்சர் பற்றிக் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை ஐரோப்பியத் தேனீக்கு, ஏபிஸ் மெலிஃபெராவுக்கு, எழுதியவை. இலங்கையில் நாம் பெட்டியிலும் முட்டியிலும் வளர்ப்பது ஏபிஸ் செரானா. உருவம் சிறியது, கூட்டமும் சிறியது. இந்த வித்தியாசத்தை மறந்து அந்த விளக்கங்களை அப்படியே பின்பற்றினால் பல இடத்தில் தப்பும்.

மெலிஃபெரா மரப்பிசினைக் கொண்டுவந்து இடுக்கெல்லாம் ஒட்டும். அதனால் சென்சரைப் பிசின் மூடிவிடும் என்று அந்த விளக்கங்கள் எச்சரிக்கும். செரானா பிசின் சேர்ப்பதில்லை. நமக்குத் தொல்லை எறும்பும் மெழுகுப் பூச்சியும். நீங்கள் வயர் போடத் துளைத்த துவாரம் கொஞ்சம் இளகி நின்றாலும் இரண்டும் அந்த வழியாக உள்ளே வரும்.

வாசலில் நின்று சிறகடிக்கும் தேனீக்களையும் கவனியுங்கள். மெலிஃபெரா தலையை வாசல் பக்கம் வைத்து உள்காற்றை வெளியே இழுக்கும். நம் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து நின்று வெளிக்காற்றை உள்ளே தள்ளும். ஆகவே மழைக்காலத்தில் வெளியில் ஈரம் ஏறும்போது பெட்டிக்குள்ளும் ஏறும். பிற நாட்டு விளக்கங்களில் உள்ள ஈரப்பத அளவுகளைப் பார்த்து இங்கே பதற வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமான வித்தியாசம், நம் தேனீ இடம் பிடிக்காவிட்டால் முழுக் கூட்டமாகப் பெட்டியை விட்டுப் போய்விடும். அடிக்கடி தொந்தரவு, எறும்பு, பூ இல்லாக் காலம், வெயில் என எதுவும் காரணமாகலாம். அந்தப் போக்கை முன்கூட்டியே பிடிக்கத்தான் கீழே சொல்லும் அளவெல்லாம்.

முதல் மாதம் கொப்பி மட்டும்

பெட்டியில் கூட்டம் குடியேறியதும் சென்சரைப் பூட்ட அவசரப்படாதீர்கள். முதல் நாலு கிழமை ஒரு கொப்பியும் பேனையும் போதும். காலை ஏழு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் வாசலுக்கு ஒரு பக்கமாக, பறக்கும் வழியை மறிக்காமல், பத்து நிமிடம் இருந்து பாருங்கள். காலில் மகரந்த உருண்டையோடு எத்தனை தேனீ வருகிறது? என்ன நிறம்? வாசலில் செத்த பூச்சி கிடக்கிறதா? அன்று எது பூத்திருக்கிறது? கஜுவா, வேம்பா, முருங்கையா, தென்னம்பாளையா? எழுதி வையுங்கள்.

இந்தக் கொப்பி இல்லாமல் சென்சர் இலக்கம் பேசாது. நிறை 200 கிராம் ஏறினால் அது தேனா மழை ஈரமா என்று சென்சருக்குத் தெரியாது. அன்று புளி பூத்துச் சொரிந்ததா, மழை பெய்ததா என்று உங்கள் கொப்பிக்குத் தெரியும்.

தேனீ வளர்ப்பு அடிப்படையைக் கைப்படக் கற்க உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவயில் இருக்கிறது. கொட்டு வாங்காமல் இந்தத் தொழில் இல்லை. கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பயமில்லை. மூச்சு இழுத்தால், உடல் முழுக்கத் தடித்தால், தலை சுற்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதை அளப்பது

இரண்டு அளவு போதும்: பெட்டியின் நிறை, குஞ்சுகள் இருக்கும் வதையின் வெப்பம். ஒப்பிட்டுப் பார்க்க பெட்டிக்கு வெளியே நிழலில் இன்னொரு வெப்ப சென்சர். ஈரப்பதம், ஒலி, கமரா எல்லாவற்றையும் அடுத்த வருடத்துக்கு விடுங்கள். ஒலியில் உண்மையிலேயே விஷயம் இருக்கிறது. பிரித்தானியாவில் பிபிசியில் ஒலிப் பொறியியலாளராக இருந்த எடி வூட்ஸ் என்பவர், இரைச்சலைக் கேட்டே கூட்டம் பிரியப் போவதைச் சொல்லும் ஏபிடிக்டர் என்ற கருவியைக் கணினிக் காலத்துக்கு முன்பே செய்தார். ஆனால் இரைச்சலைப் புரிந்துகொள்ள முதலில் தேனீயைப் புரிந்திருக்க வேண்டும்.

வாங்க வேண்டிய சாமான் இவ்வளவுதான். மூளையாக ஒரு இஎஸ்பி32 போர்ட், வைஃபை அதற்குள்ளேயே இருக்கிறது. வெப்பத்துக்கு டிஎஸ்18பி20 சென்சர் மூன்று. அதோடு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. நிறைக்கு ஒரு லோட் செல்லும் (பாரத்தை உணரும் உலோகக் கட்டை), அதன் சைகையை இலக்கமாக்கும் எச்எக்ஸ்711 என்ற சிறு போர்டும். மின்சாரத்துக்கு 18650 வகை லித்தியம் பற்றரி, டிபி4056 சார்ஜர் போர்ட், 6 வோல்ட் சிறு சோலார் தகடு. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று. வீட்டிலிருந்து பெட்டிக்கு நீள வயர் இழுத்துக் கரண்ட் கொடுக்கலாமே என்று தோன்றும். சித்திரையிலும் ஐப்பசியிலும் நம் பக்கம் விழும் இடியை நினைத்து அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

நிறை பார்க்கும் தாங்கி

பெட்டி மேலே நிற்கும் இந்தத் தாங்கியைச் செய்வதில்தான் ஆகக் கூடிய நேரம் போகும். அவசரமாகச் செய்தால் பிறகு வரும் ஒரு இலக்கத்தையும் நம்ப முடியாது.

முதலில் வெறும் பெட்டியை, வதை கட்டும் மரச் சட்டங்கள், மூடி எல்லாவற்றோடும் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அதோடு தேன், வதை, தேனீ என்று ஐந்தாறு கிலோ கூட்டுங்கள். அந்த நிறையைப் போல் ஒன்றரை மடங்காவது தாங்கும் லோட் செல் எடுக்க வேண்டும். நம் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் 20 கிலோ அல்லது 40 கிலோ தாங்கும் ஒற்றைக் கட்டை லோட் செல் போதும். குளியலறைத் தராசில் வரும் 50 கிலோ செல் நாலைச் சேர்த்தும் செய்யலாம். அது 200 கிலோ தாங்கும் அமைப்பு. நம் சின்னப் பெட்டிக்கு அவ்வளவு தேவையில்லை.

இரண்டு தடித்த பலகைக்கு நடுவே இந்தக் கட்டையைப் பூட்ட வேண்டும். ஒரு முனை கீழ்ப் பலகையோடு, மறு முனை மேற்பலகையோடு. கட்டையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அம்புக்குறி கீழ் நோக்கி இருக்க வேண்டும். கட்டையின் நடுப்பகுதி எந்தப் பலகையிலும் முட்டக்கூடாது. அதற்காக இரு முனையிலும் வொஷர் வைத்து இடைவெளி விடுங்கள். அந்த நடுப்பகுதி மிக நுண்ணிய அளவு வளைவதைத்தான் கருவி நிறையாக வாசிக்கிறது. செல்லிலிருந்து எச்எக்ஸ்711 வரை போகும் வயர் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம். நீண்டால் இலக்கம் ஆடும்.

தாங்கியின் நாலு காலையும் எறும்பு ஏறாதபடி பேணிக்குள் வைப்பது நம் வழக்கம். தண்ணீர் ஊற்றினால் நுளம்பு பெருகும், டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் விடமாட்டார்கள், அது சரியும்தான். பழைய எஞ்சின் ஒயில் ஊற்றி, தேனீ விழாமல் மேலே சிரட்டை மூடி போல ஒன்று கவிழ்த்து விடுங்கள். இன்னொன்று: புல்லு வளர்ந்து பெட்டியில் தொட்டால் முசுறு (சிவப்பு எறும்பு) அதில் பாலம் கட்டி ஏறும். அதே புல்லு நிறை அளவையும் குழப்பும். பெட்டியில் எதுவும் உரசக்கூடாது.

மூடி காற்றில் பறக்காமல் இருக்கக் கல் வைப்பவர்கள் நிறையப் பேர். கல்லை விட்டுவிட்டு மூடியைப் பெட்டியோடு கயிற்றால் கட்டுங்கள். ஒரு தடவை என் கருவி ஒரே அடியாக ஒன்றரைக் கிலோ குறைவு காட்ட, வேலையிலிருந்து ஓடி வந்தேன். வீட்டில் யாரோ மூடிக் கல்லை எடுத்துக் கதவுக்கு அண்டை கொடுத்திருந்தார்கள்.

அளவு திருத்தத்துக்கு விலை கொடுத்து எடைக்கல் வாங்கத் தேவையில்லை. ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல் நாலில் தண்ணீர் நிரப்பி, கடை இலத்திரனியல் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, போத்தலிலேயே நிறையை எழுதி வையுங்கள். தாங்கியில் ஒன்றுமில்லாமல் ஒரு வாசிப்பு, பிறகு ஒவ்வொரு போத்தலாக ஏற்றி ஒவ்வொரு வாசிப்பு. நாலு போத்தலும் ஏறியபின் அரை மணித்தியாலம் அப்படியே விட்டு இலக்கம் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்துகொண்டே போனால் ஏதோ திருகாணி இறுகவில்லை, அல்லது பலகை எங்கோ முட்டுகிறது.

வெப்ப சென்சரை வைக்கும் இடம்

குஞ்சு வதையின் நடுவில் தேனீக்கள் 33 முதல் 36 பாகை செல்சியசுக்குள் வெப்பத்தைப் பேணும். வெளியே மார்கழிக் குளிரோ வைகாசி வெயிலோ, உள்ளே இராணி முட்டையிட்டுக் குஞ்சு வளரும்வரை இந்த அளவு பெரிதாக ஆடாது. இந்த ஒரு உண்மைதான் வெப்ப சென்சரின் முழுப் பயனும்.

ஆனால் சென்சர் உண்மையிலேயே குஞ்சுகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வதையின் மேல் ஓரத்தில் தேன், அதற்குக் கீழே மகரந்தம், அதற்கும் கீழே குஞ்சு. சட்டத்தின் மேற்கட்டையோடு ஒட்டி சென்சரை வைத்தால் தேனின் வெப்பத்தைத்தான் காட்டும். பக்கவாட்டில் ஓரச் சட்டத்தில் வைத்தால் ஏறக்குறைய வெளி வெப்பத்தைக் காட்டும். என் இரண்டாவது கூட்டத்தில் இந்தப் பிழையை விட்டேன். இரவில் 29 பாகை காட்டியது. இராணி செத்துவிட்டது என்று முடிவு கட்டி மூடியைத் தூக்கக் கை வைத்தபோது, வாசலில் மஞ்சள் மகரந்தத்தோடு வரிசையாக வந்து இறங்கியதைக் கண்டு நிறுத்தினேன். குஞ்சு இல்லாத கூட்டம் அவ்வளவு மகரந்தம் சுமக்காது. பிழை சென்சர் இருந்த இடத்தில்.

ஆகவே நடுச் சட்டம் இரண்டுக்கு இடையே, மேற்கட்டையிலிருந்து மூன்று நாலு விரற்கடை கீழே தொங்கும்படி வையுங்கள். இரும்பு உறை போட்ட டிஎஸ்18பி20 ஆறு மில்லிமீட்டர் தடிப்பு. நம் தேனீயின் வதை இடைவெளிக்கு அது பெரிது, நடமாட்டத்தை மறிக்கும். உறையில்லாத சின்னக் கறுப்புச் சென்சரை வாங்கி, காலில் மெல்லிய வயர் பற்றவைத்து, சூடாக்கினால் சுருங்கும் குழாயால் மூடினால் நன்றாகப் பொருந்தும். ஒரு சென்சர் இப்படி நடுவில், இன்னொன்று ஓரச் சட்டத்தில், மூன்றாவது சென்சர் பெட்டிக்கு வெளியே, அதன் கீழே நிழலில். மூன்றும் ஒரே டேட்டா வயரில் தொடரலாம். ஒவ்வொரு சென்சருக்குள்ளும் தனித்தனி இலக்கம் பதிந்திருக்கிறது. எந்த இலக்கம் எந்த இடம் என்று பூட்டுவதற்கு முன்பே குறித்து, வயரிலும் நிறத் துண்டு ஒட்டுங்கள். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் டேட்டா வயருக்கும் நேர் மின் (+) வயருக்கும் நடுவில் வரும். அதை மறந்தால் வாசிப்பே வராது.

சென்சர் போலியாகவும் விற்கப்படுகிறது. உள்ளே வைக்குமுன் சோதியுங்கள். ஒரு கிளாசில் கைச்சூட்டுத் தண்ணீர் எடுத்து, மூன்று சென்சரோடு காய்ச்சல் பார்க்கும் தேர்மோமீட்டரையும் சேர்த்து வையுங்கள். நமக்கு வேண்டிய 35, 36 பாகை அந்தத் தேர்மோமீட்டர் சரியாகச் சொல்லும் இடம்தான். அரைப் பாகை வித்தியாசம் இருக்கலாம், அது இந்தச் சென்சரின் இயல்பு. எவ்வளவு என்று எழுதிவைத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

பூட்டும் வேலையை முதல் மாத முடிவில் ஒரே தடவையில் முடியுங்கள். வெயில் தணிந்த பின்னேரம், புகை கொஞ்சமாக. துவாரத்தை வயர் இறுகப் போகும் அளவுக்கு மட்டும் துளைத்து, மீதியைத் தேன்மெழுகால் அடையுங்கள். சிலிக்கன் பூசுவதென்றால் அதை முன்கூட்டியே வெறும் பெட்டியில் பூசிக் காயவிட வேண்டும். அதன் வாடை தேனீக்கு ஆகாது.

மின்சாரமும் டப்பாவும்

கருவி எந்நேரமும் விழித்திருக்கத் தேவையில்லை. 15 நிமிடத்துக்கு ஒருக்கால் எழும்பி, வாசித்து, வைஃபையில் அனுப்பி, மீண்டும் தூங்கும்படி புரோகிராம் எழுதுங்கள். புரோகிராம் எழுதும் ஆர்டுயினோ மென்பொருளில் இதற்கான லைப்ரரிகள் (ஆயத்தக் கட்டளைத் தொகுப்புகள்) எல்லாம் இலவசம். நிறையை ஒரு தடவை மட்டும் வாசிக்காமல் இருபது தடவை வாசித்து நடு இலக்கத்தை எடுக்கச் சொல்லுங்கள். தூங்கப் போகும்போது எச்எக்ஸ்711ஐயும் தூங்கவைக்கும் கட்டளையைச் சேர்க்க மறக்காதீர்கள். பற்றரி வோல்ட்டையும் ஒரு அளவாக அனுப்புங்கள். வைஃபை எட்டாத வயல் வாடியில் பெட்டி இருந்தால் மெமரி கார்டில் பதிந்து கிழமைக்கு ஒருக்கால் எடுத்துப் பார்ப்பதே தொடக்கத்தில் போதும்.

இலக்கங்களை வாங்கி வரைபடமாகக் காட்ட திங்ஸ்பீக் போன்ற இலவசச் சேவை உண்டு. அதில் ஒரு சனலுக்கு எட்டு அளவு வரை இடமிருக்கிறது. நமக்கு ஐந்து போதும்.

வெப்பம் 85 என்றோ மைனஸ் 127 என்றோ வந்தால் அது பெட்டியின் வெப்பம் அல்ல. முதலாவது, சென்சர் அளந்து முடிக்குமுன் வாசித்துவிட்டதன் அடையாளம். இரண்டாவது, வயர் விட்டுப்போனதன் அடையாளம். இந்த இரண்டையும் கணக்கில் சேர்க்காமல் தள்ளும்படி புரோகிராமிலேயே எழுதிவிடுங்கள்.

கல்லடி, காரைதீவு, திருக்கோவில் போலக் கடற்கரையோடு இருப்பவர்களுக்கு உப்புக் காற்று ஒரு பெரிய எதிரி. செப்பு முனைகள் சில மாதத்தில் பச்சை பிடிக்கும். பற்றவைத்த இடங்களில் நிறமில்லா நெயில் பொலிஷ் இரண்டு தரம் பூசினால் நெடுநாள் நிற்கும். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். வயர் டப்பாவுக்குள் நுழையும் இடம் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும், அப்போதுதான் மழைத்தண்ணி வயர் வழியே உள்ளே இறங்காது. டப்பாவைத் தகரத்துக்கு அடியிலோ வெயிலிலோ வைக்க வேண்டாம். சோலார் தகடு வெயிலில், பற்றரி நிழலில்.

இலக்கத்தை வாசித்தல்

முதலில் ஒரு பழக்கம். நிறையை எப்போதும் அதிகாலை நாலரை, ஐந்து மணி இலக்கத்தை வைத்தே ஒப்பிடுங்கள். அந்நேரம் எல்லாத் தேனீயும் உள்ளே. வெயிலும் இல்லை. லோட் செல் வெயில் ஏறினால் தானாகவே கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டும், ஆகவே மத்தியான இலக்கத்தை நேற்றைய காலையோடு ஒப்பிடுவது வீண்.

ஒரு நல்ல நாளின் கோடு எப்படி இருக்கும்? விடிந்ததும் மேய்ச்சலுக்குப் போவதால் நிறை மெல்ல இறங்கும். பத்துப் பதினொரு மணிக்குப் பிறகு தேனும் மகரந்தமும் வந்து ஏறும். மாலை கடைசித் தேனீ திரும்பியதும் உச்சம். இரவு முழுக்க சிறகடித்துத் தேனில் உள்ள தண்ணீரை வற்றவைப்பதால் மீண்டும் கொஞ்சம் இறங்கும். அடுத்த நாள் அதிகாலை நேற்றைய அதிகாலையை விடக் கூடியிருந்தால் வரவு. கஜு பூக்கும் தை, மாசியில் இந்த வரவைப் பார்ப்பது தனிச் சந்தோசம். நடு வெப்பம் 34, 35 என்று கோடு போட்டது போல நின்றால் இராணி நலம், குஞ்சு நலம். அப்படியான கிழமைகளில் பெட்டியைத் தொடவே தேவையில்லை.

மழை நாளில் ஏறும் நிறையை நம்பாதீர்கள். மரப்பெட்டி ஈரத்தைக் குடித்து நூற்றுக்கணக்கான கிராம் கூடும், வெயில் வந்ததும் விடும். வெளிப்பக்கம் மட்டும் நல்ல பெயின்ற் அடித்தால் இது குறையும்.

கூட்டம் பிரிந்து போவது நிறையில் தெளிவாகத் தெரியும். ஆயிரம் தேனீ சேர்ந்தாலும் நூறு கிராம் வராது, ஆனால் பாதிக் கூட்டம் பழைய இராணியோடு கிளம்பும்போது சில நிமிடத்தில் நூற்றுக்கணக்கான கிராம் இறங்கிவிடும். பறக்குமுன் எல்லாம் சேர்ந்து உடலைச் சூடாக்குவதால் வெப்பமும் ஒன்றிரண்டு பாகை தாவும். போன கூட்டம் பெரும்பாலும் உடனே தூரம் போகாது. பக்கத்து மாவிலோ வேம்பிலோ கொத்தாகத் தொங்கும். மெழுகு பூசிய வெறும் பெட்டி ஒன்று எப்போதும் தயாராக இருந்தால் உங்களுக்கு இரண்டாவது கூட்டம்.

முழுக் கூட்டமும் விட்டுப் போவது வேறு. அது ஒரே நாளில் எடுத்த முடிவு போலத் தோன்றும், உண்மையில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஆவணி, புரட்டாதி. சிறுபோகம் அறுத்து முடிந்திருக்கும், கச்சான் காற்று அடித்துப் புல்லும் கருகியிருக்கும், பூ இருக்காது. அதிகாலை நிறை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இராணி முட்டையிடுவதைக் குறைத்து நிறுத்தும். புதுக் குஞ்சு இல்லாததால் வெப்பத்தைப் பேணும் தேவையும் குறையும். இதைத்தான் சென்சர் காட்டும்: பகலில் 35 நிற்கும், ஆனால் விடியப்புறம் மூன்று மணிக்கு 33, அடுத்த கிழமை 32, பிறகு 31. ஓரச் சென்சரின் கோடும் நடுச் சென்சரின் கோடும் ஒன்றையொன்று நெருங்கும், இரண்டும் வெளி வெப்பத்தைப் பின்தொடரத் தொடங்கும். கடைசிக் குஞ்சு வெளிவந்ததும் மீதித் தேனைக் குடித்துவிட்டுக் கிளம்பும். முட்டை இட்டதிலிருந்து வேலைக்காரத் தேனீ வளர்ந்து வதையை விட்டு வெளிவர ஏறத்தாழ 20 நாள் ஆகிறது. அதனால் கோடு இளகத் தொடங்கியதும் கண்டுகொண்டால் உங்கள் கையில் சில நாளாவது இருக்கும். என் மூன்றாவது கூட்டத்தை நான் காப்பாற்றியது அந்த நாட்களுக்குள்தான்.

என்ன செய்வது? அந்த நேரம் ஒரு தடவை, ஒரே தடவை, திறந்து பாருங்கள். எறும்பு, மெழுகுப் பூச்சியின் வலை இருந்தால் அந்த வதையை வெட்டி அகற்றுங்கள். தேனீ மூடாத வெறும் வதைகளையும் எடுத்துவிடுங்கள். சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாகை, தேனீ மூழ்காமல் இருக்க ஈர்க்குத் துண்டுகள் மிதக்கவிட்ட சின்னத் தட்டில் பொழுதுபட்ட பிறகு பெட்டிக்குள்ளே வையுங்கள். வெளியே வைத்தாலோ சிந்தினாலோ வேறு கூட்டங்கள் களவெடுக்க வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சிறிது சிறிதாக. பாகின் நிறையைக் கொப்பியில் கழித்து எழுதுங்கள். விடியப்புற வெப்பம் மீண்டும் 34ஐ நோக்கி ஏறத் தொடங்கினால் இராணி முட்டையிடத் தொடங்கிவிட்டது. அந்தக் கோடு நிமிர்வதைக் கண்ட காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வெயில் நாளில் நடு வெப்பம் 37ஐத் தாண்டினால் தாமதிக்காமல் நிழல் போடுங்கள். தகரத்துக்கு மேல் ஒரு கிடுகு போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். கிட்டத்தில் கல் போட்ட தட்டில் தண்ணீர் வையுங்கள், ஆனால் தினமும் மாற்றுங்கள். 40ஐத் தாண்டினால் புது வதை இளகித் தொங்கிவிடும்.

வெப்பம் சரியாக நிற்க, நிறை மட்டும் பகலில் இறங்கித் திரும்ப ஏறாவிட்டால், போன தேனீ வரவில்லை என்று பொருள். நான் இதைக் கண்ட நாளெல்லாம் அயலில் வயலுக்கு மருந்தடித்த நாள். பக்கத்து வயல்காரரோடு நல்ல பழக்கம் வைத்திருங்கள். பின்னேரத்தில் அடிக்கும்படி கேட்டால் பெரும்பாலும் கேட்பார்கள்.

போனுக்கு எச்சரிக்கை வரும்படி வைப்பதானால் நாலு போதும்: இரண்டு வாசிப்புக்கு இடையே உங்கள் பெட்டியின் வழக்கமான காலை இறக்கத்தைப் போல் இரண்டு மடங்கு நிறை குறைந்தால், விடியப்புற நடு வெப்பம் தொடர்ந்து இரண்டு நாள் 32க்குக் கீழே போனால், 37ஐத் தாண்டினால், பற்றரி 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால். மற்ற நேரம் நாளுக்கு ஒருக்கால், காலைத் தேத்தண்ணியோடு வரைபடத்தைப் பார்த்தால் சரி.

மாரிக்கு முன்

ஐப்பசி நடுவில் தாங்கியை ஒருக்கால் முழுமையாகச் சரிபாருங்கள். திருகாணிகளை இறுக்கி, அதே சோடாப் போத்தல்களால் அளவைத் திரும்பத் திருத்துங்கள். பெட்டி வாசல் வாடைக்காற்று வரும் வடகிழக்குப் பக்கம் பார்த்திருந்தால், நாளுக்கு ஒரு சாண் அளவாக மெல்ல மெல்லத் திருப்புங்கள். ஒரேயடியாகத் திருப்பினால் மேயப் போன தேனீ வாசல் தெரியாமல் தடுமாறும். சோலார் தகட்டில் இலை, எச்சம் இல்லாமல் துடையுங்கள், அந்த மாதங்களில் கிடைக்கும் கொஞ்ச வெயிலையும் விட முடியாது. முகில் மூடிய கிழமைகளில் 15 நிமிடத்தை ஒரு மணித்தியாலமாக்குங்கள்.

தாங்கியின் உயரத்துக்கு உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தின் கறை எந்த மட்டத்தில் நிற்கிறதோ, பெட்டியின் அடியும் கருவி டப்பாவும் அதற்கு ஒரு முழம் மேலே இருக்கட்டும். அவ்வளவு உயர்த்த முடியாத வளவானால், வெள்ள எச்சரிக்கை வந்த இரவு தேனீ எல்லாம் அடைந்தபின் வாசலை வலைத் துண்டால் மூடி, சென்சர் வயரை டப்பாப் பக்கம் கழற்றி, பெட்டியை ஆட்டாமல் இரண்டு பேராகத் தூக்கி மேட்டில் வைக்கலாம். அதற்காக வயரை நேரே பற்றவைக்காமல், டப்பாவுக்கு வெளியே கழற்றிப் பூட்டும் பிளக் ஒன்று முதலிலேயே போட்டு வையுங்கள்.